லண்டனிலிருந்து ஹாம் கோயிலுக்கு: கப்பல், ரயில், மொபிலிட்டி ஸ்கூட்டர் – எந்த வழி சரி?

#1 வெம்பிளி_மருமகள்

ஜெர்மனி ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போகவேணும். விமானம் வேண்டாம் என்கிறா. கார் இல்லை. கப்பலும் ரயிலும்தான்.

மாமி போறது மொபிலிட்டி ஸ்கூட்டரில் (நடக்கக் கஷ்டப்படுறவை இருந்து ஓட்டுற பற்றறி வண்டி). அதின்ட விபரம்: நாலு சில்லு, மணிக்கு 4 மைல் வகை, மடக்க ஏலாது. புத்தகத்தில் நீளம் 118 செ.மீ, அகலம் 58 செ.மீ, பற்றறியோடு 78 கிலோ. பற்றறி 36 ஆம்பியர்-மணி இரண்டு. மாமி 70 கிலோ. பொல்லு பிடிச்சுப் பத்துப் பதினைஞ்சு அடி நடப்பா, படி ஏற மாட்டா.

எந்தத் துறைமுகம், ரயிலில் எப்படி ஏத்துறது, எங்கே சார்ஜ் போடுறது, வழியில் பழுதானால் என்ன செய்யிறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

#2 நாலுசில்லு

முதலில் துறைமுகம். கார் இல்லாதவைக்கு நான் சொல்லுறது இங்கிலாந்தின் ஹார்விச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் ஒஃப் ஹொலண்டுக்குப் போற கப்பல். ரெண்டு கரையிலும் கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் இருக்கிறதுதான் காரணம். நியூகாசிலிலிருந்து போற கப்பல் ஐமுய்டனில் விடும், ஹல்லிலிருந்து போறது யூரோபோர்ட்டில் விடும். ரெண்டு இடத்திலும் நகரத்துக்குப் போக பஸ் பிடிக்கவேணும். 78 கிலோ ஸ்கூட்டரைக் கோச் பஸ்ஸின் வயிற்றுக்குள் தூக்கிவைக்க ஒருத்தரும் வரமாட்டினம்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து ஹார்விச் இன்டர்நேஷனல் வரைக்கும் ரயில். நேர் ரயில் கொஞ்சம்தான், கூடுதலாக மானிங்ட்ரீயில் மாறவேணும். நெதர்லாந்துக்குள்ளே எந்த ஸ்டேஷனுக்கும் சேர்த்து 'ரெயில் அண்ட் செயில்' என்று ஒரே டிக்கெட் இருக்கு. அதை இணையத்தில் அவசரப்பட்டு வாங்காதீங்கோ. மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின் கப்பலில் சிலதுதான் இருக்கும். முதலில் போன் பண்ணி அந்தக் கேபினை உறுதி செய்துபோட்டு, அதே போனில் டிக்கெட்டையும் எடுங்கோ. இரவுக் கப்பலில் கேபின் கட்டாயம்.

இரவு 11 மணிக்கு வெளிக்கிட்டு, நெதர்லாந்து நேரம் காலை 8 மணியளவில் சேரும். ஒரு மணி நேரம் முன்னுக்குப் போறதால் உண்மையான பயணம் 8 மணித்தியாலம். இந்தப் பாதையில் ஓடுற ஸ்டெனா ஹொலண்டிக்கா, ஸ்டெனா பிரிட்டானிக்கா ரெண்டும் 2010இல் கட்டினவை, 240 மீற்றர் நீளம், தளத்துக்குத் தளம் லிஃப்ட். கப்பல்தான் இந்தப் பயணத்திலேயே சுகமான பகுதி. யோசிக்கவேண்டியது ரயிலைப் பற்றி.

#3 இருபத்துநாலுவோல்ட்

ரயிலுக்கு மூணு எண்ணை மனசுல வைங்க: 120, 70, 300. ஐரோப்பிய ரயில் தரவிதியில 'ரயிலில் ஏற்றக்கூடிய சக்கர நாற்காலி'ன்னு ஒரு வரையறை இருக்கு. நீளம் 120 செ.மீ, அகலம் 70 செ.மீ, ஆள், பை எல்லாம் சேர்த்து 300 கிலோ. பிரிட்டன்லயும் நீள அகலம் அதேதான், மேடையிலிருந்து ரயிலுக்குப் போடுற சாய்வுப் பலகையும் பெரும்பாலும் 300 கிலோவுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. உங்களுக்கு 78 + 70 + பை 15 = 163 கிலோ. எடையில பிரச்சினையே இல்ல.

பிரச்சினை நீளத்துல வரும். புத்தகத்துல போட்டிருக்கிற 118ஐ நம்பாதீங்க. அது பெரும்பாலும் வெறும் வண்டியோட அளவு. முன்கூடை, சீட்டுக்குப் பின்னாடி தொங்குற பை, பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற கவிழ்தடுப்புச் சில்லு, கைத்தடி மாட்டுற கொக்கி எல்லாம் சேர்த்து டேப் வச்சு அளங்க. அகலத்தை சீட்டோட கைப்பிடி இருக்கிற இடத்துல அளக்கணும், டயர்கிட்ட இல்ல. சீட்டுக்கு அடியில ரெண்டு குமிழ் இருக்கும், அதைத் தளர்த்தினா கைப்பிடியை உள்ளே தள்ளலாம், ஆளுக்கு ஏத்த மாதிரி 4, 5 செ.மீ குறையும்.

இன்னொரு அளவை யாரும் எடுக்கறதில்ல. வண்டியோட வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அதே தரவிதியில 6 செ.மீ இடைவெளி சொல்லியிருக்கு. சின்ன ஸ்கூட்டர் நிறைய 4, 5 செ.மீதான் இருக்கும். பலகை ஏறி முடிஞ்சு ரயில் தரை ஆரம்பிக்கிற முனையில வயிறு தட்டி வண்டி தராசு மாதிரி நின்னுடும். பின்சில்லு காத்துல சுத்தும். அப்படி ஆச்சுன்னா த்ராட்டிலை அழுத்தாதீங்க. ஆளை இறக்கிட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினாப் போதும்.

#4 வெம்பிளி_மருமகள்

அளந்து சொல்லுறன். ஹூக்கிலிருந்து ஹாமுக்கு எப்படிப் போறது? கணினியில் போட்டால் உட்ரெக்ட், ஆர்ன்ஹெம், டுய்ஸ்பர்க் என்று நாலு மாற்றம் காட்டுது.

#5 ரொட்டர்டாம்_ராசா

கணினி வேகமான வழியைத்தான் காட்டும். ஸ்கூட்டருக்கு வேகம் முக்கியமில்லை, மாற்றம் குறைவாக இருக்கவேணும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு லிஃப்ட், ஒரு பலகை, பலகை கொண்டுவர ஒரு ஆள். இதில் ஒண்டு பிசகினாலும் அடுத்த ரயில் போயிடும்.

ஹூக்கில் கப்பலால் இறங்கினால் வாசலிலேயே ஹூக் ஃபன் ஹொலண்ட் ஹாஃபன் ஸ்டேஷன். பழைய புத்தகங்களில் அது ரயில் நிலையம் என்று இருக்கும். 2019 செப்டம்பர் 30இலிருந்து அது ரொட்டர்டாம் மெட்ரோவின் பி லைன். இது உங்களுக்கு நல்லதுதான்: மேடையும் மெட்ரோத் தரையும் ஒரே மட்டம், பலகையும் வேண்டாம், ஆளும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். வாசல் கேட்டில் அகலமானது ஒண்டு இருக்கும், அதால் போங்கோ.

பி லைன் ரொட்டர்டாம் சென்ட்ராலுக்குப் போகாது. பெர்ஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கி, லிஃப்டில் மற்ற மட்டத்துக்குப் போய் டி அல்லது ஈ லைனில் ரெண்டாவது நிறுத்தம் சென்ட்ரால். ஸ்கிடாம் சென்ட்ரமில் இறங்கியும் ரயில் எடுக்கலாம், ஆனால் தூர ரயில்கள் கூடுதலாக நிக்கிற இடம் ரொட்டர்டாம்தான்.

அங்கேயிருந்து ஐந்தோவன், ஐந்தோவனிலிருந்து வென்லோ. வென்லோ எல்லை ஊர். அதுக்கு அங்கால டோர்ட்முண்ட் ஆள் வந்து சொல்லட்டும், இதுதான் இந்த வழியின் ரகசியம்.

#6 டோர்ட்முண்ட்காரர்

ரகசியம் ஒண்டும் இல்லை, ஆர்ஈ 13 என்ற ஜெர்மன் பிராந்திய ரயில். வென்லோவிலிருந்து மொன்ஷென்கிளாட்பாக், டுசல்டோர்ஃப், வுப்பெர்டால், ஹாகன் போய் ஹாமிலேயே முடியிற ரயில். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ஒருக்கா ஏறினால் ஹாமில்தான் இறக்கம். ஐசிஈ என்ற அதிவேக ரயிலில் போனால் ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் வாசலில் படி இருக்கு, மேடையில் நிக்கிற கைச்சுற்றுத் தூக்கியால்தான் ஏத்தவேணும், சக்கர நாற்காலி இடமும் சொற்பம், நேரத்துக்குப் பதியாட்டில் இல்லை. ஆர்ஈ 13 ஃப்ளிர்ட் என்ற தாழ்தள வகை ரயில். மேடை உயரம் பொருந்தினால் அப்படியே ஏறலாம், பொருந்தாத இடத்தில் ரயிலிலேயே பலகை இருக்கு.

உயர விஷயம் விளங்கவேணும். பிரிட்டனில் மேடை 91.5 செ.மீ, நெதர்லாந்தில் 76, ஜெர்மனியில் 76உம் 55உம் கலந்து. ஒரே ரயில் ஒரு ஸ்டேஷனில் சமமாக நிக்கும், அடுத்ததில் ஒரு சாண் உயரத்தில் நிக்கும். 'போனமுறை சும்மா ஏறினது' என்று எண்ணிக்கொண்டு இறங்கிற இடத்துக்குப் பதியாமல் விடாதீங்கோ. ஏறுறதுக்கு ஒரு உதவி, இறங்கிறதுக்கு ஒரு உதவி, ரெண்டும் தனித்தனி.

கணினி காட்டின ஆர்ன்ஹெம் – எம்மெரிக் வழியில் மூன்றாவது பாதை போடுற வேலை நடக்கிறதால் அடிக்கடி பாதையை அடைச்சு ரயிலுக்குப் பதில் பஸ் விடுறவை. அந்தப் பதில் பஸ்தான் ஸ்கூட்டர்காரருக்குப் பெரிய பொறி. எந்த வழியில் போனாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னமும் முதல் நாள் இரவும் அட்டவணையைப் பாருங்கோ. ஆர்ஈ 13க்கும் வேலை வரும். வந்தால் டுசல்டோர்ஃபில் மாறி ஆர்ஈ 1 எடுங்கோ, அதுவும் ஹாம் வரைக்கும் ஓடுறது, வாசல் 76 செ.மீ மேடைக்குச் சமமாக வரும்.

#7 மாற்றுக்கருத்து

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? டோர்ட்முண்டுக்கு விமானம் ஒண்ணரை மணி நேரம். விமான நிலையத்தில் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

#8 இருபத்துநாலுவோல்ட்

மடக்குற ஸ்கூட்டரா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன். கழட்டக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்குள்ள இருந்தா, ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுக் கைப்பையில எடுத்துட்டுப் போகலாம். 24 வோல்ட் 12 ஆம்பியர்-மணின்னா 288 வாட்-மணி, அந்த மாதிரி வண்டிக்கு விமானம் சுலபம்தான்.

இவங்க வண்டி வேற ஜாதி. 24 × 36 = 864 வாட்-மணி லெட்-ஆசிட், மடங்காது. விமானத்துக்குள்ள சரக்கு அறை வழியாத்தான் போகும். கதவு உயரத்துக்குப் பொருந்தலைன்னா ஸ்டியரிங் தண்டைச் சாய்ச்சு, சீட்டைக் கழட்டி, சிலசமயம் பக்கவாட்டுல படுக்கவும் வைப்பாங்க. லெட்-ஆசிட்ல ஜெல் வகைன்னா ஒழுகாது, ஆனா தண்டுக்குள்ள போற வயர் கட்டு அறுந்தா வெளிநாட்டுல யார் சரிபண்ணுவாங்க? கப்பல்லயும் ரயில்லயும் வண்டி யார் கையிலும் போகாது. மாமி உட்கார்ந்தபடியே ஓட்டிட்டுப் போறாங்க. வித்தியாசம் அதுதான்.

#9 வெம்பிளி_மருமகள்

மாமி விமானத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டா, அந்தப் பேச்சு விடுவம். கப்பலில் சார்ஜ் போடலாமோ?

#10 இருபத்துநாலுவோல்ட்

போடலாம். டிக்கெட் எடுக்கும்போதே 'ஜெல் பேட்டரி, கேபினில் சார்ஜ் செய்வோம்'னு சொல்லி ஒத்துக்கிட்டதை மின்னஞ்சல்ல வாங்கிடுங்க. லித்தியம் சைக்கிள் பேட்டரி பயத்துல சில கப்பல்கள்ல எல்லாத்துக்கும் சேர்த்துத் தடை போடுறாங்க. வாசல்ல நின்னு வாதாடுறதைவிடக் காகிதம் மேல்.

கணக்கு இப்படி. சார்ஜர் மேல பாருங்க, 5 ஆம்பியர்னு இருக்கும். பேட்டரி பாதி காலின்னா 18 ஆம்பியர்-மணி போடணும், 18 ÷ 5 = மூணரை மணி நேரம் சொச்சம். அதோட முடியாது. லெட்-ஆசிட் கடைசி 20 சதவீதத்தை மெதுவாத்தான் குடிக்கும், அதுக்கு இன்னும் ரெண்டு மூணு மணி. ஆக 6, 7 மணி நேரம். இரவுக் கப்பல் சரியாப் போதும், ஆனா கேபினுக்குள்ள நுழைஞ்ச உடனே பிளக் போட்டுடணும். சாப்பிட்டு வந்து போடுவோம்னா காலையில பச்சை விளக்கு வராது. வெளியே போகும்போது கதவு அட்டையை உருவினா மின்சாரம் போற கேபினும் உண்டு, அதையும் பாத்துக்குங்க.

பிளக்: ஜெர்மனி, நெதர்லாந்து ரெண்டும் வட்டப் பள்ளத்துக்குள்ள ரெண்டு ஓட்டை, பக்கவாட்டுல எர்த் தகடு. எர்த் உள்ள கனமான அடாப்டர் வாங்குங்க. விமான நிலையக் கடையில தொங்குற தட்டையான ரெண்டு முள் அடாப்டர்ல எர்த் கிடையாது. மின்னழுத்தம் ரெண்டு பக்கமும் 230தான், மாற்றி எதுவும் வேண்டாம். பிரிட்டிஷ் பிளக்குக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்குல்ல, அதே அளவுல ரெண்டு எடுத்துக்குங்க. அங்கே எந்தக் கடையிலயும் அது கிடைக்காது, ஏன்னா அவங்க பிளக்குல ஃபியூஸே இல்ல. 'சார்ஜர் செத்துப்போச்சு'ன்னு பதறுறதுல பாதி அந்த ஃபியூஸ்தான்.

#11 நாலுசில்லு

கப்பலுக்குள்ளே சில விஷயம் விட்டுப்போச்சு.

கடல் பயண விதிப்படி உதவி வேணுமென்றால் 48 மணித்தியாலம் முன்னம் சொல்லவேணும், அவை சொல்லுற நேரத்துக்கு (ஏறுற நேரத்துக்கு 60 நிமிஷம் முன்னம் வரைக்கும் வரச்சொல்லலாம்) சொன்ன இடத்தில் நிக்கவேணும். ஸ்கூட்டரைக் கப்பலிலோ முனையத்திலோ அவையின் தவறால் உடைச்சால், திருத்துற செலவோ புதுசு வாங்குற செலவோ அவையின் பொறுப்பு, அதுவரைக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் முயற்சி எடுக்கவேணும். இதெல்லாம் 1177/2010 ஐரோப்பிய விதியில் இருக்கு. ஏற முதல் ஸ்கூட்டரை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கோ.

ஏறுற பாலத்தின் சாய்வு தண்ணி மட்டத்தைப் பொறுத்து மாறும். வற்று நேரமும் பெருக்கு நேரமும் ஒரே மாதிரி இராது. வேகக் குமிழை ஆமைப் படத்துக்குத் திருப்பி, நேராக ஏறவேணும். நடுச்சாய்வில் திரும்பக்கூடாது, நிறுத்தி ஓய்வெடுக்கவும் கூடாது.

வெளித்தளத்துக்குப் போற கதவுகளுக்குக் கடல்தண்ணி வராமல் உயர்ந்த நிலைப்படி இருக்கும். சில கதவுக்கு மட்டும் சாய்தளம் போட்டிருப்பினம், எது என்று கேளுங்கோ. கேபினுக்கு வெளியே நடைவழியில் ஸ்கூட்டரை விடவே விடாதீங்கோ, அவசரத்தில் சனம் ஓடுற வழி அது.

முக்கியமானது: ஆபத்து நேரத்தில் லிஃப்டை நிப்பாட்டிடுவினம். ஸ்கூட்டர் கேபினிலேயே இருக்கும், ஆளைக் கதிரையில் தூக்கித்தான் கொண்டுபோவினம். அதால் ஏறின உடனே 'படி ஏற ஏலாதவர், இந்தக் கேபின் இலக்கம்' என்று வரவேற்பு மேசையில் சொல்லிப் பதிய வையுங்கோ. மாமியின் மருந்தும் பொல்லும் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும், ஸ்கூட்டர் கூடைக்குள்ளே வேண்டாம்.

#12 ரொட்டர்டாம்_ராசா

ரொட்டர்டாமில் நேரம் இருந்தால் வெளியே சுத்தலாம், ஆனால் ட்ராம் தண்டவாளம் கவனம். றோட்டோடு பதிச்ச தண்டவாளத்தின் பள்ளம் முன்சில்லுக்கு அளந்து வெட்டின மாதிரி இருக்கும். சாய்வாகப் போனால் சில்லு அதுக்குள்ளே இறங்கி ஸ்டியரிங்கைத் தானே இழுக்கும். 90 பாகையில் நேர் குறுக்காக மட்டும் கடக்கவேணும்.

இங்கே ஸ்கூட்மொபீல் என்று கேளுங்கோ, மொபிலிட்டி ஸ்கூட்டர் என்றால் சிலர் மின்சாரப் பொம்மை ஸ்கூட்டர் என்று நினைச்சு 'தடை' என்பினம். நடைபாதையில் மணிக்கு 6 கி.மீ மேல் போகக்கூடாது, உங்கட 4 மைல் வண்டி கிட்டத்தட்ட அதேதான். நெதர்லாந்தில் ஸ்கூட்மொபீலுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். பிரிட்டன் காப்புறுதிப் பத்திரத்தில் ஐரோப்பா அடங்குதா, எத்தனை நாளுக்கு என்று வாசிச்சுப் பாருங்கோ. 'பழுதானால் ஏத்திச் செல்லல்' என்ற வரி பிரிட்டனுக்குள்ளே மட்டும் என்றுதான் கனக்க இருக்கும்.

பாஸ்போட்: பிரிட்டிஷ் என்றால் நுழையிற நாளில் எடுத்துப் பத்து வருசம் தாண்டாமல், திரும்புற நாளிலிருந்து மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேணும். இலங்கை, இந்தியப் பாஸ்போட் என்றால் பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் ஷெங்கன் விசா வேணும்.

#13 வெம்பிளி_மருமகள்

பாஸ்போட் சரி. ரயிலுக்கு ஆர் ஆரிட்டைப் பதியவேணும்? மூண்டு நாடு, மூண்டு கம்பனி.

#14 நாலுசில்லு

ஒரு இடத்தில் சொன்னால் எல்லாருக்கும் போகும் என்று நம்பக்கூடாது. மூண்டு இடத்தில் மூண்டு பதிவு.

பிரிட்டனில் 'பாசஞ்சர் அசிஸ்ட்' என்ற ரயில் உதவிச் சேவை. ரெண்டு மணித்தியாலம் முன்னம் வரைக்கும் எடுப்பினம், நீங்கள் ஒரு வாரம் முன்னமே போடுங்கோ. மானிங்ட்ரீயில் எந்த மேடையிலிருந்து எந்த மேடைக்கு, படியில்லாத வழி எது என்று அப்பவே கேட்டு வையுங்கோ. சில கம்பனி ஸ்கூட்டருக்குத் தனி அனுமதி அட்டை கேட்கும், சிலது ஸ்கூட்டரில் இருந்தபடி பயணம் செய்ய விடாமல் சீட்டுக்கு மாறச் சொல்லும். அதையும் அதே போனில்.

நெதர்லாந்தில் என்எஸ் என்ற ரயில் கம்பனியின் பயண உதவி, ரொட்டர்டாமிலிருந்து வென்லோ வரைக்கும். ஐந்தோவன் மாற்றத்துக்கு ஐந்து நிமிஷ இணைப்பைக் கணினி தரும், எடுக்காதீங்கோ. அரை மணித்தியாலம் விட்டு அடுத்ததை எடுங்கோ.

ஜெர்மனியில் டொய்ச்ச பான் என்ற ரயில் கம்பனியின் பயண உதவிப் பிரிவு, மொபிலிட்டேட்ஸ்சர்விஸ். வென்லோ நெதர்லாந்து மண்ணில் இருக்கு, ரயில் ஜெர்மன் ரயில். அந்த ஏற்றத்தை ஆர் செய்யிறது என்பதில்தான் ரெண்டு பக்கமும் மற்றவை பார்ப்பினம் என்று விட்டுவிடுற ஆபத்து. ரெண்டு பேரிட்டையும் கேட்டு, ஒருத்தரிட்டை எழுத்தில் வாங்குங்கோ. ஐரோப்பிய விதி (2021/782, 2023 ஜூன் 7இலிருந்து) 24 மணித்தியால முன்னறிவிப்பு என்கிறது, இந்த மாதிரி எல்லை தாண்டுற பயணத்துக்கு நீங்கள் நாலு அஞ்சு நாள் குடுங்கோ.

மூண்டு பதிவிலும் ஒரே வசனத்தைப் பாவியுங்கோ: நாலு சில்லு ஸ்கூட்டர், நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆளோடு மொத்தம் 163 கிலோ, மடக்க ஏலாது, ஆள் சில அடி நடப்பார், படி ஏற மாட்டார். 'வீல்செயர்' என்று மட்டும் சொன்னால் வந்து பார்த்துப்போட்டு இது வீல்செயர் இல்லையே என்பினம்.

#15 டோர்ட்முண்ட்காரர்

ஹாம் வந்தபிறகு உள்ள சிக்கல். கோயில் ஹாம் நகர நடுவில் இல்லை, ஊன்ட்ரோப் என்ற பகுதியில், ஸ்டேஷனிலிருந்து பத்து கிலோமீற்றர் அளவு. பஸ் ஓடுது, ஆனால் ஜெர்மன் பஸ்ஸில் ஸ்கூட்டர் ஏத்த 2017இலிருந்து தனிச் சட்டம். நாலு சில்லு, 120 செ.மீக்குள், மொத்தம் 300 கிலோவுக்குள் என்பது உங்களுக்குச் சரிவரும். அதோடு 'இந்த மாதிரி பஸ்ஸுக்குப் பொருத்தம்' என்ற தயாரிப்பாளர் சான்று வேணும், பயணியிட்டை ஜெர்மன் மாற்றுத்திறனாளி அட்டை வேணும். பிரிட்டனிலிருந்து வாறவையிட்டை ரெண்டும் இராது. சாரதி நல்ல மனுசனாக இருந்தால் ஏத்துவார், அதை நம்பிப் பயணம் போட ஏலாது. சக்கர நாற்காலி டாக்ஸியை முதலே சொல்லி வையுங்கோ. தேர் நாளில் அன்று கேட்டால் கிடைக்காது, ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் சனம் வரும்.

டாக்ஸிக்குள்ளே ஸ்கூட்டரைக் கட்டும்போது பட்டியை ஸ்கூட்டரின் சட்டகத்தில் கொழுவவேணும். ஸ்டியரிங் தண்டிலோ சீட்டிலோ கொழுவ விடாதீங்கோ. மாமி சீட்டுக்கு மாறி இருக்கவேணும், ஸ்கூட்டர் சீட் மோதலுக்குச் செய்தது இல்லை.

ஹோட்டல்: 'பரியர்ஃப்ரை' (தடையில்லாதது) என்ற சொல்லைக் கண்டு சந்தோசப்படாதீங்கோ. படியில்லை என்று மட்டும்தான் சிலர் நினைச்சு எழுதுறது. கதவு எத்தனை செ.மீ, லிஃப்டுக்குள்ளே நீள அகலம் எத்தனை என்று கேளுங்கோ. 110க்கு 140 லிஃப்டில் உங்கட வண்டி போகும், திரும்பாது, பின்னுக்கு எடுத்துத்தான் வெளியே வரவேணும். 100க்கு 125 என்றால் மயிரிழை.

பொதுக் கழிப்பறை: பிரிட்டனில் மாற்றுத்திறனாளி கழிப்பறைகளுக்குப் பாவிக்கிற ரேடார் திறப்பு இங்கே போகாது. ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் மூன்றுக்கும் ஒய்ரோஷ்லூசல் என்று ஒரே திறப்பு, டார்ம்ஸ்டட்டில் உள்ள ஒரு சங்கம் குடுக்குது. சான்று அனுப்பி முன்கூட்டியே எடுத்து வையுங்கோ. ரயில் கழிப்பறைக்குள்ளே ஸ்கூட்டர் திரும்பாது, வாசலில் விட்டுப்போட்டுப் பொல்லோடு போகவேணும். மூன்று மணித்தியாலத்துக்கு இது யோசிக்கவேண்டிய விஷயம்.

#16 வெம்பிளி_மருமகள்

பழுதானால்?

#17 இருபத்துநாலுவோல்ட்

பெரும்பாலும் பழுதே இருக்காது. இந்த வரிசையில பாருங்க.

வண்டி நகரல, விளக்கு மட்டும் மினுக்குது: பின்னாடி சில்லுகிட்ட ஒரு நெம்புகோல் இருக்கும், தள்ளுறதுக்காக மோட்டாரை விடுவிக்கறது. ரயில்லயோ கப்பல்லயோ யாராவது உதவின்னு அதை இழுத்து விட்டிருப்பாங்க. பழைய இடத்துக்குத் தள்ளி, சாவியை அணைச்சுப் போடுங்க. ஒண்ணு கவனிக்கணும்: அந்த நெம்புகோல் விடுபட்டிருந்தா பிரேக் கிடையாது. இந்த வண்டியில பிரேக் மோட்டார்லதான் இருக்கு. சாய்தளத்துல அதை விடுவிக்கவே கூடாது. நிறுத்தி வைக்கும்போது நெம்புகோல் ஓட்டுற நிலையில, சாவி கையில.

சார்ஜர் வயர் மாட்டியிருந்தாலும் வண்டி ஓடாது. சிரிக்காதீங்க, நிறைய நடக்கும்.

ஒண்ணுமே எரியல: சீட்டுக்கு அடியிலயோ பேட்டரி மூடிகிட்டயோ ஒரு பொத்தான் வெளியே துருத்திக்கிட்டிருக்கும். நீளமான ஏத்தத்துல சூடாகி விழுந்த பிரேக்கர். ஒரு நிமிஷம் ஆறவிட்டு அழுத்துங்க. திரும்பத் திரும்ப விழுந்தா பேட்டரி முனையில திருகு தளர்ந்திருக்கா பாருங்க.

பேட்டரி முள் ஏமாத்தும். அது வெறும் வோல்ட் மீட்டர். நின்னுக்கிட்டிருக்கும்போது நிறையக் காட்டும், ஏத்தத்துல பொத்துன்னு விழும். சமதரையில ஓடும்போது காட்டுறதுதான் உண்மை. கம்பெனி சொன்ன தூரத்துல பாதியை வச்சுத் திட்டம் போடுங்க, பேட்டரி ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா மூணுல ஒரு பங்கு.

காத்து டயர்னா கிளம்பறதுக்கு முன்னாடி டயர் பக்கவாட்டுல அச்சடிச்ச அளவுக்குக் காத்து அடிங்க. காத்து குறைஞ்சா தூரமும் குறையும், பள்ளத்துல டியூப் கடிபடும். அதே எண் போட்ட டியூப் ஒண்ணு பையில இருக்கட்டும். நெதர்லாந்துல எந்த சைக்கிள் கடைக்காரரும் கை வைப்பார், ஆனா அவருக்கு இதைச் சொல்லுங்க: இந்த ரிம் ரெண்டு பாதியா போல்ட் போட்டுச் சேர்த்தது. காத்தை முழுசா இறக்கிட்டுத்தான் போல்ட்டைத் தொடணும். காத்தோட கழட்டினா பாதி ரிம் முகத்துக்குப் பறந்து வரும்.

உதிரிச் சாவி உங்ககிட்ட, அவங்ககிட்ட இல்ல. அல்லென் கீ கட்டு, கைப்பம்பு, ஸ்டியரிங்கை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. மழையில ஸ்டியரிங் மேல இருக்கிற பொத்தான் பலகைக்குள்ள தண்ணி போனா காயற வரைக்கும் வண்டி சொன்னபடி கேக்காது.

#18 வெம்பிளி_மருமகள்

அளந்தாச்சு. கூடையும் பின்பையும் சேர்த்து 129. பையில்லாமல் 123. பின்னுக்கு நிக்கிற குட்டிச் சில்லு (கவிழ்தடுப்புச் சில்லு) ரெண்டையும் கழட்டினால் 117 வரும் போல. கழட்டலாமோ?

#19 இருபத்துநாலுவோல்ட்

கூடாது. அதைத் தொடாதீங்க. 123ல முன்கூடை எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்குன்னு பாருங்க. கூடையையும் அதைத் தாங்குற கம்பியையும் கழட்டினா 118க்கு வந்துடும், புத்தகத்துல இருக்கிற அளவு அதுதான், குட்டிச்சில்லோட சேர்த்து.

ஏன் வேண்டாங்கறேன்னா: சக்கர நாற்காலி இடத்துல 118 செ.மீ வண்டியைத் திருப்ப முடியாது. முன்னாடி பார்த்து ஏறினவங்க ஹாம்ல பின்னாடி பார்த்துத்தான் இறங்கணும். ஏறும்போதும் இப்படிப் பின்னாடி இறங்கும்போதும் எடை முழுக்கப் பின்னால சாயும், அந்த நேரம் குட்டிச்சில்லு இல்லன்னா வண்டி மல்லாந்துடும்.

குட்டிச்சில்லு இருக்கறதால இறங்கும்போது ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிடறேன். பலகை முடிஞ்சு மேடை ஆரம்பிக்கிற மடிப்புல குட்டிச்சில்லு முதல்ல தரையைத் தொடும். பலகை செங்குத்தா இருந்தா அது பின்சில்லை ஒரு நூல் தூக்கிடும். தூக்கினா பிடிமானமும் இல்ல, பிரேக்கும் இல்ல. அதனால பலகையை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடச் சொல்லுங்க, ஆமை வேகம், நீங்க கீழே பக்கவாட்டுல நின்னு சீட்டுத் தண்டைப் பிடிச்சுக்குங்க. வண்டிக்கு நேர் பின்னாடி நிக்காதீங்க. மாமி தடுமாறினா எதையும் அழுத்த வேண்டாம், கட்டைவிரலை எடுத்தாப் போதும், வண்டி நிக்கும்.

#20 டோர்ட்முண்ட்காரர்

ஹாமில் இறங்கும்போது ஆள் பலகையோடு நிக்காட்டில் பதறவேண்டாம். ரயில் அங்கேதான் முடியுது, உடனே கதவு பூட்டிக்கொண்டு போகாது. ரயில் பொறுப்பாளரைக் கூப்பிட்டு ரயிலில் உள்ள பலகையைப் போடச் சொல்லுங்கோ. வழியில் உள்ள ஸ்டேஷன் என்றால் இந்த அவகாசம் இல்லை, வென்லோ – ஹாம் நேர் ரயிலைச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

#21 வெம்பிளி_மருமகள்

கூடை கழட்டினேன், 118. நாளைக்குக் கப்பல்காரருக்குப் போன்.